ஒரு எக்ஸ் கூடுதல்

குழந்தை இல்லை என்று ஒரு தம்பதி மருத்துவமனைக்குப் போனால் எங்கள் பக்கத்தில் முதலில் பெண்ணின் பெயரில்தான் கோப்பு திறப்பார்கள். அவளுக்கு ஸ்கேன், அவளுக்குத் தைராய்டு, அவளுக்கு ஹார்மோன், கருக்குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சாயம் ஏற்றி ஓர் எக்ஸ்ரே. கணவர் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் எழுந்து போய்ப் பணம் கட்டுவார். ஈரோட்டில் மஞ்சள் மண்டியில் கணக்கு எழுதும் நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன்தான். சாயம் ஏற்றும் சோதனை முடிந்து வலி தாங்காமல் சுவரைப் பிடித்தபடி என் மனைவி வெளியே வந்தாள். அவளுக்கு ஒரு குறையும் இல்லை என்று அறிக்கை வந்தது. அதற்குப் பிறகும் கரு முட்டை வளர மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள், அவளுக்கே.

காரணம் என்னிடம் இருந்தது, அதுவும் பிறவியிலிருந்தே. கிளைன்ஃபெல்டர் நோய்க்குறி என்று அதற்குப் பெயர். ஆணுக்கு வழக்கமாக 46 குரோமோசோம்கள். அவற்றில் எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. எனக்கு 47. எக்ஸ் ஒன்று கூடுதல். அபூர்வமான நோய் என்று நினைத்துவிட வேண்டாம். 500 முதல் 1000 ஆண்களில் ஒருவருக்கு இது இருக்கிறது. டென்மார்க்கில் பதிவேடுகளை வைத்துப் பார்த்தவர்கள், இவர்களில் ஏறக்குறையக் கால்வாசிப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது இது கண்டறியப்படுகிறது என்று கணக்கிட்டார்கள். மற்றவர்கள் தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். விந்துவில் விந்தணுவே இல்லாத ஆண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்குக் காரணம் இதுதான். இத்தனை பரவலான ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை. செலவு சில ஆயிரம் ரூபாய். அதைத்தான் எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதிக் கொடுத்தார்கள். இந்த வரிசை தலைகீழ் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

விந்துப் பரிசோதனையிலிருந்து தொடங்குகிறேன். இரண்டு நாளுக்குக் குறையாமல், ஏழு நாளுக்கு மிகாமல் உறவு தவிர்த்துவிட்டுக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் சிந்திவிட்டால் சிந்தியது என்று கூச்சப்படாமல் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அளவும் கணக்கில் சேரும். பல ஆய்வகங்களில் இதற்கென்று அறை கிடையாது. வரவேற்பு மேசைக்குப் பின்னாலிருக்கும் கழிவறையைக் காட்டுவார்கள். தாழ்ப்பாள் சரியாக விழாத ஒரு கழிவறையில், வெளியே ஒருவர் கதவைத் தட்டிக்கொண்டிருக்க, உலகத்தில் எந்த ஆணுக்கும் இது முடியாது. வீட்டிலிருந்தே எடுத்துவரலாமா என்று கேளுங்கள். ஒரு மணி நேரத்துக்குள், உடல் சூடு குறையாமல் சட்டைக்குள் வைத்துக் கொண்டுவந்தால் பெரும்பாலான இடங்களில் வாங்கிக்கொள்வார்கள்.

எனக்கு விந்தணு பூஜ்யம் என்று வந்தது. பார்த்த கண்ணுக்கு விந்துவில் எந்த வேறுபாடும் தெரியாது. அதன் அளவில் பெரும்பகுதி விந்துப்பையிலும் புராஸ்டேட் சுரப்பியிலும் ஊறும் நீர்தான், விந்தணுக்களின் பங்கு மிகச் சிறியது. இல்லற வாழ்க்கையில் குறையேதும் இல்லாதவருக்கும் எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கலாம். இதை நம்ப மறுத்து எத்தனையோ ஆண்கள் அறிக்கையைக் கிழித்துப்போடுகிறார்கள். பூஜ்யம் என்று வந்தால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மாதிரியைச் சுழற்றி, அடியில் தங்கும் வண்டலையும் பார்த்தீர்களா? அப்படிப் பார்க்காமல் பூஜ்யம் என்று முடிவுகட்டக் கூடாது. சில வாரம் கழித்து, முடிந்தால் வேறோர் ஆய்வகத்தில், இன்னொரு மாதிரியும் கொடுக்க வேண்டும்.

இந்த இடைவெளியில் ஊர் சும்மா இருக்காது. மாமியார் சஷ்டி விரதம் இருந்தார். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோவிலுக்குப் போய் நெய் வாங்கி வந்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை; கோவிலுக்குப் போன நாள் நன்றாகத்தான் இருந்தது. வருத்தமெல்லாம் லேகியக்காரர்களிடம். எண்ணிக்கை பெருகும் என்று விற்கிறார்களே, அவர்களில் ஒருவராவது உன் அறிக்கையைக் காட்டு என்று கேட்டதில்லை. உற்பத்தியே இல்லாத இடத்தில் எதைப் பெருக்குவார்கள்?

பூஜ்யத்தில் இரண்டு வகை இருக்கிறது. விரையில் விந்தணு உற்பத்தியாகிறது, வழியில் அடைப்பு என்பது ஒன்று. உற்பத்தியே குறைவு அல்லது இல்லை என்பது மற்றொன்று. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. எது என்று தெரிந்துகொள்ள ஒரு மருத்துவர் கையால் தொட்டுப் பரிசோதிக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அது வெகுகாலம் நடக்கவே இல்லை. பார்த்தவர்கள் எல்லாரும் காகிதத்தைப் பார்த்தார்கள். கோயம்புத்தூரில் ஆண்களுக்கான சிறுநீரக, இனப்பெருக்க மருத்துவர் ஒருவரிடம் போனபோதுதான் அவர் கதவைச் சாத்திவிட்டு, கயிற்றில் கோத்த முட்டை வடிவ மணிகளைக் கையில் எடுத்தார். சிறியதிலிருந்து பெரியது வரை ஒவ்வொரு மணிக்கும் ஒரு மில்லி கணக்கு. வளர்ந்த ஆணின் விரை 15 மில்லிக்கு மேல் இருக்க வேண்டும். என்னுடையது 4 மில்லி மணியோடு ஒத்துப்போனது, கெட்டியாகவும் இருந்தது. அவர் அடுத்துக் கேட்டவை எனக்கு வியப்பாக இருந்தன. தாடி எப்போது முளைத்தது? சிறு வயதில் மார்பு பெருத்திருந்ததா? படிப்பில் எது சிரமம்? தம்பியைவிட உயரமா?

எல்லாவற்றுக்கும் ஆம்தான். பவானி கூடுதுறையில் எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டுக் குளிக்கும்போது நான் மட்டும் பனியனோடு இறங்குவேன். வாசிக்கத் திணறினேன், கணக்கில் தேறினேன். இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. அவர் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார். இந்த அறிகுறிகள் எல்லாருக்கும் எல்லாமும் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல தாடியோடு இருக்கும் எக்ஸ்எக்ஸ்ஒய் ஆண்களும் உண்டு.

பிறகு ரத்தப் பரிசோதனை. எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களும் மிக அதிகம், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு. எஃப்.எஸ்.எச். என்பது மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரைக்கு அனுப்பும் கட்டளை. வேலை நடக்காத பட்டறையில் மேஸ்திரி குரலை உயர்த்திக்கொண்டே போவதுபோல, விரை பதில் சொல்லாவிட்டால் அந்த அளவு ஏறிக்கொண்டே போகும். விந்தணு பூஜ்யம், விரை சிறியது, எஃப்.எஸ்.எச். அதிகம் என்ற மூன்றும் சேர்ந்தால் அடைப்பு அல்ல, உற்பத்திக் கோளாறு என்று புரிந்துகொள்ளலாம். அப்போது இரண்டு மரபணுப் பரிசோதனைகள் கட்டாயம். ஒன்று, குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் கேரியோடைப். மற்றொன்று, ஒய் குரோமோசோமில் சிறு துண்டுகள் விடுபட்டிருக்கின்றனவா என்று பார்ப்பது. இரண்டாவதைப் பல இடங்களில் எழுதுவதில்லை, நீங்களே கேளுங்கள்.

கேரியோடைப் அறிக்கை வர இரண்டு மூன்று வாரம் ஆகும். தாமதம் என்று ஆய்வகத்தைத் திட்ட வேண்டாம். ரத்தத்தின் வெள்ளையணுக்களை மூன்று நாள்போல ஊட்டத் திரவத்தில் வளர்த்து, அவை பிரியும் தருணத்தில் மருந்து கொடுத்து நிறுத்தி, சாயமேற்றி, ஒவ்வொரு செல்லாக ஒரு மனிதர் உட்கார்ந்து எண்ண வேண்டும். வழக்கமாக 20 செல்கள். சில செல்களில் 46, சிலவற்றில் 47 என்று கலந்திருக்கும் ஆட்களும் உண்டு. அந்தச் சந்தேகம் இருந்தால் கூடுதல் செல்களை எண்ணச் சொல்வார்கள். கலப்பு வகையினருக்குச் சில சமயம் விந்துவிலேயே விந்தணு கிடைக்கும் என்பதால் இது வீண்வேலை அல்ல.

என் அறிக்கையில் ஒரே வரி: 47, எக்ஸ்எக்ஸ்ஒய். அதைக் கையில் கொடுத்த பெண், மருத்துவரைப் பாருங்கள் என்றார். மருத்துவருக்கு அடுத்த நோயாளி காத்திருந்தார். அடுத்து வந்த வாரங்களில் நானும் மனைவியும் வாசித்துத் தெரிந்துகொண்டது அதிகம். போஸ்டனில் ஹாரி கிளைன்ஃபெல்டர் 1942இல் ஒன்பது ஆண்களைப் பற்றி எழுதியபோது காரணம் அவருக்கே தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை. மனிதனுக்கு 46 குரோமோசோம்கள்தான் என்பதே 1956இல்தான் உறுதியானது, அதுவரை 48 என்று பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். எடின்பரோவில் பட்ரீசியா ஜேக்கப்ஸும் ஜான் ஸ்டிராங்கும் 1959இல்தான் கூடுதல் எக்ஸைக் கண்டார்கள்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அறிக்கையைவிடக் கடினமாக இருந்தது. சொன்னதும் அவர் கேட்டார்: "நான் உண்டாகியிருந்தபோது எதையாவது தின்று தொலைத்துவிட்டேனா சாமி?" அத்தை வேறு கணக்குப் போட்டார். சொந்தத்தில் கட்டாததால் வந்த வினை என்றார். அவர் மகளை நான் கட்டவில்லை என்ற பழைய கோபம் அது. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். கரு முட்டையோ விந்தணுவோ உருவாகும்போது இணைக் குரோமோசோம்கள் பிரியத் தவறுவது ஒரு தற்செயல். ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அந்த எக்ஸ் தாயிடமிருந்து வருகிறது, மீதிப் பாதிக்குத் தந்தையிடமிருந்து. சாப்பாடு, கிரகணம், சொந்தம், அசல் எதுவும் இதற்குக் காரணமில்லை. பரம்பரையாகவும் வருவதில்லை, என் தம்பிக்குப் பரிசோதனை தேவைப்படவில்லை.

ஆனால் குரோமோசோம் கோளாறு எல்லாமே இப்படி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மருத்துவமனை நடைபாதையில் பழக்கமான ஒரு தம்பதிக்குக் கரு தங்கும், கலையும். மறுபடி தங்கும், கலையும். அந்தப் பெண்ணுக்குக் கருப்பை பலவீனம் என்று ஊரே முத்திரை குத்திவிட்டது. கடைசியில் இருவருக்கும் கேரியோடைப் எடுத்ததில் கணவருக்கு 13ஆம், 14ஆம் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. அவர் உடம்பில் எதுவும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் அவருக்கு ஒரு நோயும் இல்லை. ஆனால் விந்தணுவாகப் பிரியும்போது கணக்கு தவறுகிறது. இந்த ஒட்டு ஆயிரத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடியது. சிலருக்கு விந்தணு எண்ணிக்கையும் குறையும். இது குடும்பத்தில் தொடரும் சங்கதி. அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லாரும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவர்களுக்கு ஐவிஎஃப் செய்து, கருவைக் கருப்பையில் வைக்கும் முன் குரோமோசோம் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழி இருக்கிறது. நம் நாட்டில் ஆணா பெண்ணா என்று பார்ப்பதுதான் குற்றம். குரோமோசோம் கோளாறு பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது.

ஒய் குரோமோசோம் துண்டு விடுபட்டவர்களுக்கு விவரம் இன்னும் முக்கியம். அறிக்கையில் ஏ.இசட்.எஃப். ஏ, பி, சி என்று மூன்று பகுதிகள் இருக்கும். ஏ பகுதியோ பி பகுதியோ முழுதாக இல்லையென்றால் விரையில் அறுவை செய்து தேடினாலும் விந்தணு கிடைப்பதில்லை என்றே சொல்லலாம். சி மட்டும் இல்லையென்றால் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் பிறக்கும் ஆண் குழந்தைக்கும் அதே குறை போய்ச் சேரும். உடல் ஆணாகவே இருந்து, ஒய்யே இல்லாமல் எக்ஸ் இரண்டு மட்டும் உள்ளவர்களும் உண்டு. அவர்களுக்கும் அறுவையால் பயனில்லை. சில ஆயிரம் ரூபாய்ப் பரிசோதனை, பெரும் செலவில் ஒரு வீண் அறுவையைத் தவிர்த்துவிடும்.

என் நிலையில் இருப்பவர்களுக்கு அறுவையில் வாய்ப்பு உண்டு. விரையைத் திறந்து, அறுவை நுண்ணோக்கியில் இருபது மடங்குக்கும் மேல் பெரிதாக்கிப் பார்த்து, சற்றுத் தடித்து வெளுத்திருக்கும் நுண்குழல்களை மட்டும் பொறுக்கி எடுப்பார்கள். மைக்ரோ டெசே என்பார்கள். 1999இல் நியூயார்க்கில் பீட்டர் ஷ்லெகல் இம்முறையை வெளியிட்டார். கிளைன்ஃபெல்டர் ஆண்கள் 100 பேரில் 40 முதல் 50 பேரிடம் விந்தணு கிடைக்கிறது என்பது அனுபவமுள்ள மையங்களின் கணக்கு. கிடைத்த விந்தணுவை இக்சி முறையில் முட்டைக்குள் செலுத்திப் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்குக் குரோமோசோம்கள் இயல்பாகவே இருக்கின்றன.

அறுவைக்கு முன்னால் ஒரு கண்டம் வந்தது. உள்ளூரில் ஒருவர், டெஸ்டோஸ்டிரோன் குறைவாக இருக்கிறதே, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்று சீட்டு எழுதினார். என் மனைவி அந்தச் சீட்டோடு நேரே கோயம்புத்தூர் மருத்துவருக்குத் தொலைபேசி செய்தாள். அவர் சத்தம் போட்டார். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் பிட்யூட்டரி கட்டளையை நிறுத்திவிடும். விரையில் எங்கோ ஒரு மூலையில் நடந்துகொண்டிருக்கும் சிறு உற்பத்தியும் படுத்துவிடும். குழந்தை வேண்டும் என்று நினைக்கும் எந்த ஆணும் விந்தணு விஷயத்தை முடிக்காமல் அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளக் கூடாது. உடற்பயிற்சிக் கூடங்களில் போட்டுவிடுகிறார்களே, அவர்களுக்கும் இதுவே.

அறுவைக்குப் போகிறவர்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை சில. கிளைன்ஃபெல்டர் ஆட்களுக்கு எத்தனை முறை செய்திருக்கிறீர்கள்? எடுத்த திசுவைப் பார்க்கும் கருவியல் நிபுணர் அறுவை நேரத்தில் பக்கத்து அறையிலேயே இருப்பாரா? கிடைத்தால் உறைய வைக்கும் வசதி இருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு காரணம் உண்டு. அன்றே மனைவிக்கும் முட்டை எடுப்பது ஒரு முறை. அப்படியென்றால் எனக்கு எதுவும் கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே அவள் நாள்தோறும் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். முதலில் எனக்கு அறுவை, கிடைத்தால் உறைய வைப்பது, பிறகு அவளுக்கு ஊசி என்று நான் பிடிவாதமாக நின்றேன். உறைய வைத்து எடுக்கும்போது கொஞ்சம் இழப்பு உண்டு என்றார்கள். இருக்கட்டும் என்றேன். அவள் உடம்பில் குத்தியது போதும்.

எனக்குக் கிடைக்கவில்லை. மயக்கம் தெளிந்தபோது மருத்துவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டேன், இல்லை என்றார். நின்றுகொண்டு சொல்லாமல் உட்கார்ந்து சொன்னதற்கு இன்றும் அவரை மதிக்கிறேன். வலி ஒரு வாரம். இறுக்கமான உள்ளாடை, ஐஸ் பை, மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது, சில வாரத்துக்குப் பளு தூக்காமல் இருப்பது. மஞ்சள் மூட்டைகளை நான் தூக்குவதில்லை என்றாலும் ஸ்கூட்டரை ஸ்டாண்டில் ஏற்றக் கூடாது என்பது தெரியாமல் போனது.

அதற்குப் பின் இரண்டு வழிகள். தானமாக வரும் விந்தணு, தத்து. இரண்டையும் பற்றி அறுவைக்கு முன்பே பேசி வையுங்கள். தோற்ற மனதோடு உட்கார்ந்து பேசினால் பேச்சு சண்டையாகும். தானம் என்று முடிவெடுத்தால் செயற்கைக் கருத்தரிப்பு பற்றிய 2021ஆம் ஆண்டுச் சட்டம் சில விஷயங்களைத் தெளிவாக்கியிருக்கிறது. பதிவுபெற்ற வங்கியிலிருந்துதான் வாங்க வேண்டும், கொடுப்பவர் 21 முதல் 55 வயதுக்குள் இருக்க வேண்டும், ஒருவரின் தானம் ஒரே ஒரு தம்பதிக்குத்தான். பிறக்கும் குழந்தை சட்டப்படி எல்லா உரிமையோடும் உங்கள் குழந்தை. தம்பியிடம் வாங்கிக்கொள், ரத்தம் விட்டுப்போகாது என்று பெரியப்பா யோசனை சொன்னார். சட்டம் இடம் கொடுக்காது பெரியப்பா என்று சொல்லித் தப்பித்தேன். சட்டம் இடம் கொடுத்திருந்தாலும் நான் ஒப்பியிருக்க மாட்டேன்.

தத்து என்றால் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். திருமண வாழ்க்கை இரண்டு ஆண்டாவது நிலைத்திருக்க வேண்டும். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார். கணவன் மனைவி இருவரின் வயதையும் கூட்டி, அதற்கேற்பவே எந்த வயதுக் குழந்தை என்று முடிவாகும். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தை வேண்டுமென்றால் கூட்டு வயது 85ஐத் தாண்டக் கூடாது. வரிசை நீளம், ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே மருத்துவம் எல்லாம் முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால் வயது ஓடிவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு குழந்தை இருக்கிறது. எந்த வழியில் வந்தது என்று எழுதப்போவதில்லை. அது அந்தக் குழந்தையின் சங்கதி. முதலில் அதற்குத்தான் சொல்வோம், வளர வளர, புரிகிற அளவுக்கு.

கல்யாணமாகாத இளைஞர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், எக்ஸ்எக்ஸ்ஒய் என்று தெரிந்துவிட்டது, பெண் வீட்டில் சொல்ல வேண்டுமா என்று. பெண்ணிடம் சொல்ல வேண்டும், நிச்சயத்துக்கு முன். பெண் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பத்துப் பேருக்கு நடுவில் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முன்னால் ஆண் இனப்பெருக்க மருத்துவரைப் பார்த்து விந்துப் பரிசோதனை செய்துகொண்டு, விந்தணு இருந்தால் உறைய வைப்பது பற்றிக் கேட்டுவிட்டால் பேச்சுக்கு ஒரு விவரம் இருக்கும்.

குழந்தை விஷயம் ஒருவழியாக முடிந்ததும் பெரும்பாலோர் கோப்பைப் பரணில் போட்டுவிடுகிறார்கள். கூடுதல் எக்ஸ் பரணுக்குப் போவதில்லை. டெஸ்டோஸ்டிரோன் குறைவால் எலும்பு தேயும், வயிற்றில் கொழுப்பு சேரும், சர்க்கரை வரும் வாய்ப்பு கூடும். களைப்பு எனக்குப் பிறவிக் குணம் என்றே நினைத்திருந்தேன். விந்தணுத் தேடல் முடிந்தபின் மருத்துவர் மேற்பார்வையில் ஊசி தொடங்கியதும்தான் மாலை நேரத்திலும் மனிதனுக்குத் தெம்பு இருக்கும் என்று தெரிந்தது. நான் போடுவது மூன்று மாதத்துக்கு ஒன்று. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போடும் வகையும் உண்டு, அது விலை குறைவு. ஊசி போடுகிறவர்களுக்கு ரத்தம் கெட்டியாகிறதா என்று அவ்வப்போது பார்க்க வேண்டும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் ஒன்று தொடக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. மார்பில் கட்டி ஏதேனும் தட்டுப்பட்டால் ஆணுக்கு ஏது என்று விடாமல் காட்ட வேண்டும்; மற்ற ஆண்களைவிட நமக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு அதிகம். ரத்தக்குழாயில் உறைகட்டி ஏற்படும் வாய்ப்பும் கூடுதல் என்பதால் வேறு எந்த அறுவைக்குப் போனாலும் குரோமோசோம் அறிக்கையைக் காட்டுங்கள். நீண்ட பஸ் பயணத்துக்குப் பிறகு ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராமல் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.